மாந்தியும் வினைப்பயனும்

பல்லாவரத்தை அடுத்த பொழிச்சலூரில் அகத்தீசுவரர் திருக்கோயில் உளது. அகத்திய முனிவர் வழிபட்டமையால் இறைவற்கு அப்பெயர் அமைந்தது என்பது தலவரலாறு. ஆயினும் சனிக்கிழமைதோறும் தாம்பரம், குரோம்பேட்டை முதலிய ஊர்களினின்று அங்கே திரள்வோருள் பலர் நாடிச் செல்வது சனீசுவரன் தனிச் சந்நிதியையே. அதுபற்றி அத்தலம் வட திருநள்ளாறு எனவும் வழங்கும். அங்கு எள்விளக்கு ஏற்றுவோருள் சனியின் பொருட்டு வந்தோரேயன்றி, அவன் மைந்தனாகச் சொல்லப்படும் மாந்தியின் பொருட்டு வந்தோரும் உளர்.

இக்காலத்துச் சாதகங்கள் பெரும்பாலும் கணிப்பொறியில் எழுதப்படுகின்றன. முன்னாளில் ஏடெழுதிய சோதிடருள் சிலர் குறித்தும் சிலர் குறியாதும் விட்ட மாந்தி, இப்பொழுது ‘மா’ என்னும் எழுத்தாய்க் கட்டத்துள் தவறாது வந்து அமர்கின்றது. ‘ஏழில் மாந்தி, பொருத்தம் ஆகாது’ என்று ஒரு சொல்லில் பெண் வீட்டாரையும் பிள்ளை வீட்டாரையும் பிரித்து விடுதல் எளிதாயிற்று. ஒருத்தியின் மணம் ஓர் எழுத்தால் தடைப்படுமாயின், அவ்வெழுத்தின் பொருள் யாது என வினவுதல் அறிவுடையோர் கடனாம். அதனை முன்னர்ச் சோதிட நூல் வழியானும், பின்னர்ச் சித்தாந்த நூல் வழியானும் ஆராய்தல் முறை.

மாந்தி வானத்தில் ஒளிரும் கோளன்று. இராகு கேதுக்களைப் போல இரு வட்டங்கள் வெட்டும் இடமும் அன்று. பின் என்னை எனின், பகற்பொழுதின் ஒரு கூறு என்க. பிருகத் பராசர ஹோரை பகலை எட்டுக் கூறிட்டு, அற்றை வாரத்துக்குரிய கோள் முதலாக ஏழு கூறுகளை ஏழு கோள்களுக்கு உரிமையாக்கி, எட்டாவதைத் தலைவன் இல்லாததாக விடும். அவற்றுள் சனிக்குரிய கூறே குளிகம். இரவுக்கு அவ்வாரத்தினின்று ஐந்தாம் வாரத்துக் கோளை முதலாகக் கொண்டு எண்ணுக. அப்பொழுதில் கீழ்வானில் உதிக்கும் இராசியே குளிகன் அல்லது மாந்தி நின்ற இராசி எனப்படும். மந்தன் என்பது சனியின் பெயர்; மந்தன் மகன் மாந்தி. ஆகவே ‘மைந்தன்’ என்றது, சனியின் கூற்றில் தோன்றிய கணக்கு என்னும் பொருட்டு.

பஞ்சாங்கத்தில் காணும் குளிகை காலமும் இதுவே. பகல் 30 நாழிகை என வைத்துக் கணித்தால், ஒரு கூறு மூன்றே முக்கால் நாழிகை. அஃதாவது 90 நிமிடம். ஞாயிறன்று ஏழாம் கூறு சனிக்குரியது. அதனாலன்றோ அன்று பிற்பகல் 3 முதல் 4-30 வரை குளிகை என்பர். நாள்தோறும் ஒவ்வொரு கூறு முன்னேறி, சனியன்று காலை 6 முதல் 7-30 வரை முதற் கூறே குளிகையாகும். இனிப் பலதீபிகை கூறும் மாந்தி நாழிகையை இதனோடு ஒப்பு நோக்குக. ஞாயிறு முதல் சனி ஈறாகப் பகலில் முறையே 26, 22, 18, 14, 10, 6, 2 நாழிகை என அந்நூல் வகுத்தது. 26 நாழிகை என்பது காலை 6 மணியினின்று எண்ணப் பிற்பகல் 4-24; 2 நாழிகை என்பது காலை 6-48. ஏழு நாட்களினும் மாந்தி நாழிகை குளிகை காலத்துக்கு உள்ளேயே அமைதல் காண்க. எனவே குளிகனும் மாந்தியும் வேறு வேறு இரு கொடியோர் என அஞ்சுவோர் ஒரு பொருளையே இருமுறை எண்ணி அஞ்சுவோராவர்.

குளிகைக் கூற்றின் தொடக்கத்தைக் கொள்வதா, முடிவைக் கொள்வதா, பலதீபிகையின் நாழிகையைக் கொள்வதா என்பதிற் சோதிடர்க்குள் ஒருமைப்பாடு இல்லை. இது சிறிய வேறுபாடன்று. உதய இராசி மணிக்கு ஏறத்தாழ 15 பாகை நகரும். 90 நிமிடத்தில் இருபத்திரண்டரைப் பாகை நகரும். இராசி ஒன்றுக்கு 30 பாகையே ஆதலின், தொடக்கத்தை விட்டு முடிவைக் கொண்ட அளவிலேயே நான்கிற் மூன்று பங்கு சாதகங்களில் மாந்தி அடுத்த இராசிக்குச் சென்றுவிடும்.

ஓர் எடுத்துக்காட்டால் இது விளங்கும். சித்திரைத் திங்களின் நடுவில் ஞாயிறு மேடத்தில் 15ஆம் பாகையளவில் நிற்பான். அப்பொழுது ஒரு சனிக்கிழமை முற்பகல் 9-30 மணியளவில் தாம்பரத்தில் பிறந்த மகவுக்கு மிதுனம் இலக்கினமாகும். குளிகைத் தொடக்கம் கொள்வார்க்கு மாந்தி ஞாயிற்றோடு ஒரே பாகையில், மேடத்தில், பதினோராம் இடத்தில் நிற்கும். அஃது ஊதியத் தானம். முடிவு கொள்வார்க்கு இடபத்தில், பன்னிரண்டாம் இடத்தில் நிற்கும்; அது விரயத் தானம். பலதீபிகையின்படி மேடத்தின் கடைப்பாகத்தில் நிற்கும். குழந்தை ஒன்று, பிறந்த பொழுது ஒன்று, ஊதியமும் இழப்பும் மட்டும் கணக்கனுடைய விருப்பத்தால் மாறுகின்றன. அன்றியும் அன்று பகல் முழுதும் அவ்வூரிற் பிறந்த எல்லா மகவுக்கும் மாந்தி நின்ற பாகை ஒன்றே. தாம்பரத்தில் நெடும்பகல் ஏறத்தாழ 12 மணி 50 நிமிடமும் குறும்பகல் ஏறத்தாழ 11 மணி 20 நிமிடமும் ஆதலின், பகலின் உண்மையளவைக் கொள்ளாது வாய்பாட்டையே கொள்ளும் கணக்கு இன்னும் வழுவும்.

இனிப் பலன் கூறுமிடத்தும் நூல்கள் மாந்தியை முழுக்கொடியனாகச் சொல்லவில்லை. ஆறு, பதினொன்று ஆகிய இடங்களில் நின்றால் நன்மை செய்யும் என்பது மேற்கூறிய இரண்டு நூல்களுக்கும் ஒத்த முடிபு. பத்தாம் இடத்திலோ இரண்டும் மாறுபடும். பராசர ஹோரை புதல்வர்ப்பேறும் வழிபாட்டு நெறியும் கூற, பலதீபிகை நற்செயலிற் குறைவு கூறும். 17ஆம் நூற்றாண்டில் மலையாள நாட்டில் எழுந்த பிரச்ன மார்க்கம் குளிகனுக்கு மிக்க இடம் தந்தது. எனினும் வினவுவோனுக்கு அப்போதைக்கு உற்றதை ஆராய்தல் பிரச்ன நூலின் நோக்கமாதலின், அதனை மணப்பொருத்தத்துக்கு அப்படியே ஏற்றுதல் பொருந்தாது.

உலக வழக்கும் இதற்குச் சான்றாம். குளிகையில் பொன் வாங்குவர். கடனில் ஒரு பகுதியைத் திருப்பிக் கொடுப்பர். பிணத்தை மட்டும் எடுக்கமாட்டார். செய்த செயல் மீண்டும் மீண்டும் நிகழும் என்பது அவர் கருத்து. இக்கருத்து மெய்யோ அன்றோ, அது நிற்க. நன்மையையும் தீமையையும் ஒருங்கு பெருக்குவது எனக் கொள்ளப்பட்ட ஒன்று இயல்பிலே தீயதாதல் யாங்ஙனம்? காலையில் குளிகை பார்த்து நகைக்கடைக்குச் செல்லும் குடும்பமே மாலையில் ‘மா’ என்னும் எழுத்தைக் கண்டு ஒரு வரனை விலக்குமாயின், அஃது ஒரே பொருளை ஒருபால் வரவேற்று ஒருபால் துரத்துவதாகும்.

மேனாட்டிலும் இதற்கு ஒப்பான நிகழ்ச்சி உண்டு. 1977ஆம் ஆண்டு நவம்பர் முதல் நாள் சார்லஸ் கோவால் என்னும் வானநூலார் ஒரு சிறுகோளைக் கண்டறிந்தார். அது பெரும்பாலும் சனிக்கும் யுரேனசுக்கும் இடையில் இயங்கி, ஏறத்தாழ 50 ஆண்டுக்கு ஒருமுறை ஞாயிற்றைச் சுற்றிவரும். அதற்குக் கைரான் எனப் பெயரிட்டனர். கிரேக்கக் கதையில் கைரான் என்போன் தன் புண்ணை ஆற்றமாட்டாத மருத்துவன். பெயர் வைத்த சில்லாண்டிலேயே அந்நாட்டுச் சோதிடர் அச்சிறுகோள் ஆறாப் புண்ணையும் ஆற்றும் திறனையும் குறிக்கும் என்று பலன் எழுதத் தொடங்கினர். வேறு பெயர் இட்டிருந்தால் வேறு பலன் பிறந்திருக்கும். அக்கதையில் கைரான் குரோனசின் மகன். குரோனசையே உரோமர் தம் சனித்தேவனோடு ஒன்றாக்கினர். ஆகவே சனிக்கு ஆங்கும் ஒரு மைந்தன், ஈங்கும் ஒரு மைந்தன். ஆங்குள்ளதற்கு உடம்பு உண்டு, பலன் பெயரினின்று வந்தது. ஈங்குள்ளதற்கு உடம்பும் இல்லை, தந்தையின் பெயரே அச்சத்தைத் தந்தது.

இனிச் சித்தாந்தம் கூறுவது: இருவினை சடம். அது தானே செய்தவனை அறிந்து சென்று பயனை ஊட்டாது. உயிரும் தன் வினையைத் தானே அறிந்து எடுத்து நுகரமாட்டாது. ஆதலின் வினைப்பயனைக் கூட்டுவிப்பவன் இறைவனே என்பது மெய்கண்டார் சிவஞானபோதத்து இரண்டாம் சூத்திரத்தில் நிறுவிய முடிபு. அருணந்தி சிவாசாரியர் சித்தியாரில் அதனை விரித்தார். வினைக்கே இந்நிலையாயின், வினை வரும் பொழுதைக் காட்டுவதாகக் கருதப்படும் கோளுக்கு என்ன சுதந்தரம்? கோளுக்கே இல்லையாயின், கோளின் பொழுதை எட்டாகப் பகுத்த கூற்றுக்கு என்ன வன்மை? தாம்பரம் புகைவண்டி நிலையத்துக் கடிகாரம் வண்டி வரும் நேரத்தைக் காட்டலாம். வண்டியைக் கொணர்வது கடிகாரமன்று. வண்டி காலந் தாழ்த்ததென்று கடிகாரத்துக்கு விளக்கேற்றுவார் இலர்.

அற்றேல், குடந்தையை அடுத்த திருநறையூரில் சனி தன் மனைவியர் இருவரோடும் மாந்தி, குளிகன் என்னும் மைந்தரோடும் எழுந்தருளியுள்ளானே. உடம்பில்லாப் பொருட்கு உருவம் எவ்வாறு எனின், காலத்தின் கூறுகளை உருவம் கொடுத்து நினைத்தல் புராண மரபு என்க. அன்றியும் அத்திருக்கோயிலின் தலைவர் இராமநாதசுவாமி. சனி அங்கே பரிவார தேவனே. தொண்டை நாட்டு நவக்கிரகத் தலங்கள் எனப்படும் ஒன்பதினும் இம்முறையே காணப்படும். ஞாயிற்றுக்குரிய கொளப்பாக்கம், திங்களுக்குரிய சோமங்கலம், செவ்வாய்க்குரிய பூந்தமல்லி, புதனுக்குரிய கோவூர், வியாழனுக்குரிய போரூர், வெள்ளிக்குரிய மாங்காடு, சனிக்குரிய பொழிச்சலூர், இராகுவுக்குரிய குன்றத்தூர், கேதுவுக்குரிய கெருகம்பாக்கம் ஆகிய எல்லாவற்றிலும் கருவறையில் உள்ளது சிவலிங்கம். கோள் அங்கே பயன் தரும் தலைவனல்லன். சிவனைப் பணிந்து நிற்கும் அடியவன். அடியவனை வணங்குதல் சைவர்க்கு உடன்பாடே. அடியவனைத் தலைவனாக்கித் தலைவனை மறத்தலே பிழை.

அவற்றுட் குன்றத்தூர் சேக்கிழார் பெருமான் பிறந்த ஊர். சோழ நாட்டுத் திருநாகேச்சரத்தில் ஈடுபட்டுத் தம் ஊரிலும் அப்பெயரால் ஒரு கோயில் எடுப்பித்தவர் அவரே. கோயில் எடுத்த அவரே பெரிய புராணத்தில் கோளைப் பற்றிய ஒரு நிகழ்ச்சியையும் வைத்தார். திருமறைக்காட்டினின்று மதுரைக்குச் செல்ல ஞானசம்பந்தப் பிள்ளையார் எழுந்தபோது, திருநாவுக்கரசர் நாளும் கோளும் நன்றாக இல்லை என்று தடுத்தார். பிள்ளையார் கோளறு பதிகம் பாடியருளினார். எழு கோளும் இரு பாம்பும் அப்பதிகத்தில் எண்ணப்பட்டன. அவை இல்லை என்று பிள்ளையார் கூறவில்லை. சிவபெருமான் உள்ளத்தில் உறைதலின் அவை அடியார்க்கு நல்லனவே என்றார். அவ்வொன்பதின் எண்ணிக்கையுள் மாந்தி இல்லை என்பதும் கருதத்தக்கது.

நாவரசர் தடுத்தது அறியாமையால் அன்று. சமணரிடத்துத் தாம் பட்ட துன்பத்தை நினைந்து, தம்மை ‘அப்பர்’ என்று அழைத்த பிள்ளைக்கு அது நேருமோ என அஞ்சிய அன்பால் தடுத்தார். இன்று சாதகத்தைக் கையிலேந்திச் சோதிடர் மனை தேடிச் செல்லும் பெற்றோர் நெஞ்சிலுள்ள அச்சமும் அத்தகைய அன்பே; அது பழித்தற்குரியதன்று. ஆயின் பதிகம் கேட்டபின் நாவரசர் தம் தடையைத் தொடரவில்லை, போகுமாறு உடன்பட்டார். பெற்றோர் பின்பற்றற்குரியது அவ்வுடன்பாடு. வரனுடைய ஒழுக்கத்தையும் கல்வியையும் உடல்நலத்தையும் ஆராய்ந்து, இருவர் உள்ளமும் ஒத்தமை கண்டபின், கணக்குக்குக் கணக்கு இடம் மாறும் ஓர் எழுத்தை முன்னிட்டு மணத்தைத் தடுத்தல் சோதிட நூலுக்கும் பொருந்தாது, சித்தாந்தத்துக்கும் பொருந்தாது. பொழிச்சலூருக்குச் செல்வோர் செல்க. சென்று முதலில் அகத்தீசுவரர் திருமுன் நிற்க. மைந்தன் கணக்கும் தந்தை கணக்கும் அவ்விறைவன் ஆணைவழி நிற்பனவே என்பது துணிபு.