‘மரபு’ என்னும் சொல்லும் அதன் பயன்பாடும்

விதி, நெறி, முறை, வழக்கு, மரபு என அடிப்படை நியமங்களைக் குறிக்கத் தமிழில் வழங்கும் சொற்கள் பல. இவற்றுள் இலக்கிய விமர்சனத்திற் பெரிதும் எடுத்தாளப்படுவது மரபு என்பதாகும். விதி ‘இன்னது செய்க’ எனப் பணிப்பது. வழக்கு ‘இவ்வாறு நிகழ்கின்றது’ எனக் கூறுவது. மரபோ இவ்விரண்டற்கும் இடையே நின்று, நிகழ்ந்து வந்ததை எடுத்துரைப்பதுபோலத் தோன்றி, நிகழவேண்டியதை விதிக்கின்றது. இவ்விரட்டைத் தன்மை எவருக்குப் பயன்பட்டது என்பதே ஈண்டு ஆராயத்தக்கது.

தொல்காப்பியத்தின் இறுதி இயலான மரபியல், விலங்குகள், பறவைகள் முதலியவற்றின் இளமைப் பெயர்களையும் ஆண்பால், பெண்பாற் பெயர்களையும் தொகுத்துக் கூறுகின்றது. இவை சொல்வழக்குப் பற்றியன. ஆயின் அதே இயல் அந்தணர், அரசர், வைசிகர், வேளாளர் என்போர்க்கு உரியவை எவையெனவும் வகுக்கின்றது. இப்பகுதியை இடைச்செருகல் எனக் கொள்ளும் அறிஞர் உளர். அவ்வாறாயினும், அதனைச் செருகியோர்க்கு மரபு என்னும் தலைப்பே பொருத்தமான இடமாகப் பட்டமை மனங்கொளத்தக்கது. கன்றைக் கன்றென அழைப்பதும், இன்னார்க்கு இன்னதே உரியது என்பதும் ஒரே சொல்லின்கீழ் அமைந்துவிட்டன. சமூக ஏற்பாடொன்று இயற்கையின் ஏற்பாடுபோலக் காட்சியளிப்பது இவ்வாறுதான்.

வழக்கு எனப்படுவது உயர்ந்தோரைச் சார்ந்தது என்பதும் மரபியலின் கூற்றே. உயர்ந்தோர் எப்பொருளை எச்சொல்லால் எவ்வாறு கூறினரோ அவ்வாறு கூறுதலே மரபு என நன்னூலும் வரையறை செய்கின்றது. யானை மேய்ப்பவனை இடையன் என்றலும் ஆடு மேய்ப்பவனைப் பாகன் என்றலும் மரபு வழு என்பது உரைகாரர் காட்டும் உதாரணம். பெயரை மாற்றி வழங்குதல் இங்கு பிழையாகின்றது. அப்பெயரோடு இணைந்த தொழிற் பிரிவினையோ வினாவுக்கு அப்பாற்பட்டதாகிவிடுகின்றது.

எனினும் இலக்கண நூலார் அனைவரையும் மாற்றத்தின் பகைவராகக் கொள்வது வரலாற்று நோக்காகாது. நன்னூலே தன் முடிவில், காலப்போக்கிற் பழையன நீங்குதலும் புதியன வந்து சேர்தலும் குற்றமாகா என ஒப்புக்கொள்கின்றது. வழுவமைதி, புறனடை என்பன வாழும் மொழியின் முன் விதி தன்னைத் தளர்த்திக்கொண்ட இடங்கள். பிற்காலத்து மரபுவாதிகள் உயர்ந்தோர் பற்றிய சூத்திரத்தைப் போற்றிய அளவிற்கு இப்புறனடையைப் போற்றினரல்லர்.

1960களின் முற்பகுதியில் ஈழத்தில் எழுந்த மரபு பற்றிய சர்ச்சை இதற்குச் சான்றாகும். ஒடுக்கப்பட்ட மக்களின் பேச்சுமொழி சிறுகதையிலும் நாவலிலும் இடம்பெற்றபோது, அது ‘இழிசனர் வழக்கு’ என இகழப்பட்டது. மொழித்தூய்மை பற்றிய வாதமாக அது முன்வைக்கப்பட்டதாயினும், ‘இழிசனர்’ என்னும் சொல் மொழியையன்றி மனிதரையே சுட்டிற்று. சமயத்தலத்தில் வழிபடும் உரிமையைச் சாதி காரணமாக மறுப்பதை 1957ஆம் ஆண்டுச் சட்டம் குற்றமாக்கியிருந்தது. அவ்வாறிருந்தும் 1968இல் மாவிட்டபுரம் கந்தசுவாமி கோயிலில் ஆலயப் பிரவேசப் போராட்டம் நிகழ்ந்தபோது, அதனை எதிர்த்தோர் வழக்கத்தையும் மரபையுமே துணைக்கழைத்தனர். செய்யுளில் நுழையும் சொல்லைத் தடுத்த நியாயமும் கோயிலில் நுழையும் மனிதரைத் தடுத்த நியாயமும் வெவ்வேறானவையல்ல.

ஆயின் இச்சோதனையை நாம் எமக்கும் பிரயோகித்தல் வேண்டும். முற்போக்கு, யதார்த்தம், மக்கள் இலக்கியம் என்பன தொடக்கத்தில் வாழ்க்கையை நோக்கி எம் கண்களைத் திறந்த சொற்கள். காலப்போக்கில் அவையும் படைப்பை வாசிக்குமுன்னரே தீர்ப்பு வழங்கும் விதிகளாயின. 1934ஆம் ஆண்டுச் சோவியத் எழுத்தாளர் மாநாட்டில் சோஷலிச யதார்த்தவாதம் ஏற்கப்பட்டபின் அது அதிகாரபூர்வமான அளவுகோலாக இறுகியமை நாம் அறிந்ததே. உயர்ந்தோரின் இடத்தில் கட்சியையோ விமர்சகனையோ அமர்த்துவதால் மட்டும் மரபின் அதிகாரம் நீங்கிவிடாது.

எனவே மரபைப் பேணுவதா துறப்பதா என்பதன்று அடிப்படைப் பிரச்சினை. ‘என்மனார் புலவர்’ என்ற பழைய இலக்கணகாரன் விதியைக் கூறியவர் இன்னார் என்றேனும் சுட்டினான். இன்றைய விமர்சனத்தில் ‘மரபு அனுமதியாது’ என்னும் வாக்கியத்திற்கு மரபே எழுவாயாக நிற்கின்றது, மனிதர் மறைந்துவிடுகின்றனர். யார் வகுத்தது, எக்காலத்தில், எவர் நலன்கருதி என வினவி, மறைந்த அம்மனிதரை வெளிக்கொணர்வதே விமர்சனத்தின் முதற் கடமையாகும்.