உடைந்த மல்லாட்டையும் பனம் பூரானும்

திருக்கோவிலூர்ப் பக்கம் ஆடிப் பட்டத்துக்கும் மார்கழிப் பட்டத்துக்கும் விதை மல்லாட்டை (நிலக்கடலை) உடைக்கிற நாட்களில் திண்ணையில் பிள்ளைகளுக்குக் குறைவிருக்காது. இயந்திரத்தில் போட்டால் பருப்பின் தோல் சிராய்ந்து முளைப்பு குறையும் என்பதால், விதைக்கு மட்டும் கையால் உடைப்பதே நல்லது என்பது பழைய சம்சாரிகளின் கணக்கு. மூட்டையை அவிழ்த்து நடுவில் கொட்டி, ஆளுக்கொரு முறத்தோடு சுற்றி உட்காருவார்கள். காயின் மூக்கைத் தரையில் ஒரு தட்டு தட்டி, கட்டைவிரலால் அமுக்கினால் வாய் பிளக்கும். கொஞ்ச நேரத்திலேயே சின்னவர்களுக்கு விரல் நுனி எரிய ஆரம்பித்துவிடும். ஆனாலும் எழுந்து போகமாட்டார்கள். இரண்டாகப் பிளந்த பருப்பும் தோல் கிழிந்த பருப்பும் முளைக்காது. விதையோடு சேர்க்கக் கூடாது. அந்தக் கழிவெல்லாம் பிள்ளைகளுக்குத்தான். “வேணும்னே ஒடைக்காதடா” என்று ஆயா அதட்டும். அடுத்த நிமிஷம் ஒரு துண்டு வெல்லத்தையும் அதுவே நீட்டும். இதற்கு நடுவில் யார் முதலில் படியை நிரப்புவது என்று போட்டி வேறு.

வீட்டு வேலையைக் குழந்தைகளுக்கு விளையாட்டாக்க இப்போது நிறைய யோசனைகள் சொல்கிறார்கள். நட்சத்திரம் ஒட்டுகிற அட்டவணை, பாட்டைப் போட்டுவிட்டுப் பெருக்குவது, வேலைக்கு இத்தனை மதிப்பெண் என்பது. செய்துவிட்டுப் போகட்டும். மல்லாட்டைக்கு அதெல்லாம் தேவைப்படவில்லை. பிள்ளையின் பங்கு அந்த வேலைக்குள்ளேயே இருந்தது.

யாழ்ப்பாணத்தில் இதைப் பனை பார்த்துக்கொள்கிறது. பனங்கொட்டைகளை அடுக்கிப் போட்ட பாத்தியைத் தைப்பொங்கலை ஒட்டிய நாட்களில் கிண்டிக் கிழங்கு எடுப்பார்கள். மண் தட்டுவது, தோல் உரிப்பது, ஒடியலுக்குக் கிழித்த கிழங்கை வெயிலில் பரப்புவது என்று வீட்டில் எல்லாக் கைகளுக்கும் வேலை உண்டு. பிள்ளைகளின் கண் மட்டும் கழித்துப் போட்ட கொட்டைகளின் மேல் இருக்கும். வெட்டிப் பார்த்தால் உள்ளே வெள்ளையாக, பஞ்சு போல, மெல்லிய இனிப்போடு பூரான். பெரியவர் ஒருவர் கத்தியோடு உட்கார்ந்து வெட்டிக் கொடுக்க வேண்டும். அதற்காகவே அவரைச் சுற்றி ஒரு கூட்டம் ஓடி ஓடிக் கொட்டை பொறுக்கும்.

இதுவரை இரண்டு ஊரும் ஒன்றுதான். யாழ்ப்பாணத்தில் வேலையின் முடிவு பெரும்பாலும் ஒரு பொதுப் பானைக்குள் போய்ச் சேர்கிறது. அங்கேதான் வேறுபாடு தொடங்குகிறது. ஆடி முதல் நாளை ஆடிப்பிறப்பு என்று அங்கே கொண்டாடுகிறார்கள். வறுத்த அரிசிமா, பயறு, தேங்காய்ப்பால், பனங்கட்டி சேர்த்துக் கூழ் காய்ச்சுவார்கள், கொழுக்கட்டையும் அவிப்பார்கள். நவாலியூர் சோமசுந்தரப் புலவர் (1878–1953) அந்த நாளைக் குழந்தைகளின் வாயால் பாடிவைத்ததால் கூழ் கிடைக்காத நாடுகளில் வளரும் ஈழத்துப் பிள்ளைகளுக்கும் அது தெரியும். கூழைக் குடிக்கப் பிலாவிலை (பலா இலை) வேண்டும். “பிள்ளை, நல்ல அகல இலையாப் பாத்துப் பொறுக்கிக்கொண்டு வா” என்று அம்மம்மா சொன்னால் சின்னதுகள் மரத்தடிக்கு ஓடும். இலையைக் கோலி, ஈர்க்குக் குத்தி, கரண்டி மாதிரி ஆக்குவார்கள். குத்து சரியில்லாவிட்டால் கூழ் மடியில் வழியும். யார் குத்தியது என்ற விசாரணை அங்கேயே நடக்கும். வேலை சரியாக இருந்ததா என்று சொல்ல மதிப்பெண் எதற்கு?

நம் பக்கம் 2011-க்குப் பிறகு அடுப்படியின் நிலைமை மாறிவிட்டது. அரசு கொடுத்த விலையில்லா மிக்சியும் கிரைண்டரும் வீடு வீடாக வந்தன. பெண்களின் தோள்வலியைக் குறைத்த பொருளைக் குறை சொல்ல எனக்கு மனமில்லை. ஆனால் ஆட்டுக்கல் ஓடும்போது குழவிக்கு விரல் சிக்காமல் மாவைத் தள்ளிவிடும் பிள்ளைகளின் வேலை போயிற்று. பயமும் குஷியும் கலந்த அதைவிடப் பெரிய விளையாட்டு ஐந்து வயதில் இருந்ததில்லை. மிக்சிப் பக்கம் வந்தால் “தொடாதே” என்பதுதான் முதல் வார்த்தை. தொடாதே என்று பத்து வயது வரை சொல்லிவிட்டு, பதினொன்றில் “ஒரு வேலை செய்யுதா பாரு” என்றால் எப்படிச் செய்யும்?

சின்னக் குழந்தை பெருக்க, ஊற்ற, துடைக்க ஆசைப்படுவதை ஒரு கல்விமுறையாகவே ஆக்கியவர் மரியா மாண்டிசோரி. 1939-இல் பிரம்மஞான சபையின் அழைப்பில் அடையாறுக்கு வந்தவரை உலகப் போர் இந்தியாவிலேயே நிறுத்தியது. 1944-இல் இலங்கைக்கும் போய்ப் பயிற்சி நடத்தினார். அங்கே முன்பள்ளியையே பலர் மொன்டிசோரி என்கிறார்கள். இங்கே அந்தப் பெயர் பெரும்பாலும் கட்டணம் வாங்கும் பள்ளிகளின் பலகையில் ஏறிக்கொண்டது. ஆனால் கை கழுவி, வரிசையில் உட்கார்ந்து, சாப்பிட்ட தட்டைத் தானே எடுத்துப் போகும் பழக்கத்தை நம் கிராமத்துப் பிள்ளைகளுக்குக் கொடுத்தது அங்கன்வாடி.

பள்ளிக்கூடத்தில்தான் இரண்டு நாடும் நன்றாகவே பிரிகின்றன. 1958-இல் கொழும்பு நாலந்தாக் கல்லூரி ஆசிரியர் ஏ. டி. ஆரியரத்ன மாணவர்களைக் கனத்தொலுவ என்ற கிராமத்துக்கு அழைத்துப் போய் உடலுழைப்பு செய்யவைத்தார். அதிலிருந்து வளர்ந்தது சர்வோதய இயக்கம். உழைப்பைத் தானமாகக் கொடுக்கும் சிரமதானம் என்ற சொல் அங்குள்ள தமிழ்ப் பள்ளிகளிலும் புழங்குகிறது. பெற்றோர் மண்வெட்டியோடு வருவார்கள், பிள்ளைகள் குப்பை பொறுக்குவார்கள், முடிவில் பிளேன்ரீயும் (பால் சேர்க்காத தேநீர்) பணிசும் (பன்). தமிழ்நாட்டில் பள்ளிப் பிள்ளை விளக்குமாறு பிடித்தால் அது செய்தியாகிறது. ஆவதற்குக் காரணமும் இருக்கிறது. கழிவறை கழுவ அனுப்பப்பட்டது யார் என்று விசாரித்தால், பல சமயம் பட்டியல் சாதிப் பிள்ளைகள். யாழ்ப்பாணமும் சாதி தெரியாத ஊரன்று. ஆனால் ஆசிரியரும் அப்பாவும் குனிந்து பொறுக்கும்போது, அந்த வேலையைத் தண்டனை என்று எந்தப் பிள்ளையும் நினைக்காது. இங்கே பெரியவர் நிற்பார், பிள்ளை குனியும்.

மல்லாட்டையும் அப்படித்தான். சொந்த விதைக்கு உடைத்தபோது விளையாட்டாக இருந்தது. படிக்கு இவ்வளவு என்று கூலிக்கு மூட்டை வாங்கி வந்த வீடுகளில் அதுவே பிள்ளையின் பள்ளி நேரத்தைத் தின்றது. குடும்பத் தொழிலில் பள்ளி நேரம் போகப் பிள்ளைகள் உதவலாம் என்கிறது 2016-இல் திருத்தப்பட்ட குழந்தைத் தொழிலாளர் சட்டம். எது உதவி, எது கூலி என்பது அந்தத் திண்ணையில் உட்கார்ந்தவர்களுக்குத் தெரியும்.

பையன்கள் விஷயத்தில் கடல் ஒன்றும் பெரிய வித்தியாசம் செய்யவில்லை. அங்கன்வாடியில் தன் தட்டைத் தானே எடுத்துப்போகும் பையன், வீட்டில் சாப்பிட்டு எழுந்ததும் அக்கா அந்தத் தட்டை எடுக்கிறாள். யாழ்ப்பாணத்திலும் கோப்பை கழுவுவது தங்கச்சிதான்.