கள்ளுண்ணாமையும் உளநூலும்

திருக்குறளின் 93ஆம் அதிகாரத்தை வகுப்பில் நடத்தாத தமிழாசிரியர் இலர். நடத்தும் முறைதான் நெடுங்காலமாக மாறவில்லை. குடிகாரன் நாணமற்றவன், தாயும் வெறுப்பாள், அவன் நஞ்சுண்பவனுக்கு ஒப்பானவன் என்று அடுக்கிச் சொல்லி முடித்துவிடுகிறோம். குறளில் இக்கடுமை உண்டென்பதை மறுப்பாரில்லை. ஆயினும் இறுதி இரண்டு குறள்களையும் அதே வேகத்தில் தாண்டிச் செல்வது பெருங்குறை.

பரிமேலழகர் வைப்பில் ஒன்பதாங் குறள், களித்தவனுக்குக் காரணங்காட்டித் தெளிவிக்க முயல்வதை, நீருள் மூழ்கியவனைத் தீவிளக்குக் கொண்டு தேடுவதோடு ஒப்பிடுகிறது. ‘அவன் திருந்தான்’ என்பதே இதற்கு நாம் சொல்லும் கருத்து. உவமையை ஊன்றி நோக்குக. பழுது மூழ்கியவனிடத்தா, விளக்கினிடத்தா? நீருள் எரியாத கருவியை எடுத்தவன் தேடுகின்றவனே அன்றோ! அடுத்த குறளோ, தான் குடியாதிருக்கும் பொழுதில் பிறனொருவன் களித்திருக்கக் கண்டால் தன் சோர்வை எண்ணிப் பாரானோ என வினவுகிறது. வாதம் தோற்ற இடத்திலும், தெளிந்த பொழுதும் அவன் நெஞ்சும் எஞ்சி நிற்கின்றன.

குடிநோயாளரிடம் வாதாடுவது எதிர்ப்பையே வளர்க்கும், மாறுதற்குரிய காரணம் அவர் வாயினின்றே வரவேண்டும் என்று அமெரிக்க உளநூலறிஞர் வில்லியம் மில்லர் 1983இல் எழுதினார். இதைக் கொண்டு ‘வள்ளுவர் அன்றே கண்டார்’ என முழங்குவது வேண்டாத பெருமை. மில்லர் தந்தது சிகிச்சை முறை. வள்ளுவர் தந்தது மனிதரை நோக்கிய நோக்கு. இரண்டையும் குழப்பலாகாது.

அதிகார வைப்பும் கருதத்தக்கது. கள்ளுண்ணாமையை அடுத்துச் சூது, அதனை அடுத்து மருந்து. அமெரிக்க உளமருத்துவச் சங்கம் தன் நோய்ப் பகுப்பு நூலில் சூதாட்ட நோயைக் குடிநோயோடு ஒரே பிரிவில் சேர்த்தது 2013இல்தான். சூதின் கடைசிக் குறள், இழக்குந்தோறும் விருப்பம் மிகுவதை உயிருக்கு உவமையாகவே ஆள்கிறது. யாவரும் அறிந்த செய்தியாயினன்றி அதனை உவமையாக்க இயலுமா? இதைக் கேடு என்று மட்டும் விளக்கி, பிணி என்னும் குறிப்பை நம் உரைக்குறிப்புகள் விட்டுவிடுகின்றன.

மலாயாத் தோட்டங்களில் கள்ளுக்கடை நம்மவர் கூலியை விழுங்கிற்று. 1941ஆம் ஆண்டுக் கிள்ளான் வேலைநிறுத்தத்தில் அக்கடைகளை மூடுக என்பதும் ஒரு கோரிக்கை. இன்றும் குடிப்போரின் பிள்ளைகள் நம் வகுப்பில் அமர்ந்திருக்கிறார்கள். நாண் புறங்காட்டி ஓடும் என்னும் குறளை நாம் உரக்க விளக்குகையில் அவர்கள் யாரை நினைப்பார்கள்? அதிகாரத்தைப் பத்தாங் குறளிலிருந்து தொடங்கினால், அப்பிள்ளை தலைகுனியாமல் கேட்கத்தக்க குறள் ஒன்றாவது முதலில் கிடைக்கும்.