தனித்தீவு விடுதியும் நம் கரையும்

இயற்கையோடு இயைந்த தனித்தீவு விடுதி என்றால் கிழக்கிலங்கையில் இருக்கும் நமக்குக் கிட்டிய முன்மாதிரி மாலைதீவுதான். அங்கே முதல் விடுதி 1972இல் குரும்பா என்ற பெயரில் திறந்தது. குடியிருப்பில்லாத தீவொன்றை முழுதாக ஒரே விடுதிக்குக் குத்தகைக்குக் கொடுப்பதே அவர்கள் முறை.

அதில் மெச்சத்தக்கவை விதிகள். கட்டடம் மர உயரத்தை மிஞ்சக் கூடாது. தீவின் நிலத்தில் குறிப்பிட்ட ஒரு பங்கில்தான் கட்டலாம். நம் கரையோரத்தில் மதிலும் மாடியும் முளைக்கும் வேகத்தைப் பார்த்தவர்களுக்கு இவற்றின் அருமை தெரியும்.

குப்பை, எரிபொருள் கணக்கில்தான் சாயம் வெளுக்கிறது. 1992 முதல் மாலே நகரின் கழிவும் விடுதிகளின் கழிவும் ஒரு களப்பில் கொட்டப்பட்டு, அந்தக் குவியலே திலபுசி என்ற தீவாகிவிட்டது. விடுதியின் நன்னீர் கடல்நீரிலிருந்து எடுக்கப்படுகிறது. அதற்கான மின்சாரம் பெரும்பாலும் டீசலில் பிறக்கிறது. விருந்தாளி காலாற நடக்கும் தீவைச் சுத்தமாக வைக்க, அவர் கண்ணில் படாத இன்னொரு தீவு நாறுகிறது. நாமும் பெருமைப்பட முடியாது. நம் ஊர்களின் குப்பை போய்ச் சேரும் பள்ளக்காட்டில், பிளாஸ்டிக்கைத் தின்று எட்டு ஆண்டுகளில் சுமார் இருபது யானைகள் செத்ததாக 2022இல் செய்தி வந்தது.

தனிமைக்கு இன்னொரு நியாயமும் சொல்வார்கள்: மதுவும் நீச்சலுடையும் ஊருக்குள் வராமல் விடுதித் தீவோடு நின்றுவிடும். கல்முனையிலும் பொத்துவிலிலும் இதற்குத் தலையாட்டுவோர் பலர். எனக்கு இது பாதி உண்மையாகவே படுகிறது. அவற்றோடு வருமானமும் அல்லவா விடுதித் தீவிலேயே ஒதுங்கிவிட்டது! 2009க்குப் பிறகு குடியிருப்புத் தீவுகளில் விருந்தினர் இல்லங்களுக்கு அனுமதி கிடைத்த பின்தான் மாபுசி போன்ற தீவுகளில் சாதாரணக் குடும்பங்களும் அறை வாடகை கண்டன. நம் அறுகம்பேயில் அந்தத் தொழில் பெரும்பாலும் ஊர்க்காரர் கையில் இருந்தது. அங்கே உல்லையிலுள்ள கபானா குடில்களில் சச்சரவு உண்டு, இரைச்சல் உண்டு. ஆனால் அந்தக் காசு பொத்துவில் கடைத்தெருவில் புழங்குகிறது.

நம் கரையில் தனிமை என்றால் யாரையாவது அப்புறப்படுத்தித்தான் அதை உண்டாக்க வேண்டும். 2004 சுனாமிக்குப் பின் கிழக்கில் 200 மீட்டர் தடைவலயம் போட்டார்கள். மீனவர் வீடு கட்டக் கூடாதென்ற அதே கரையில் சுற்றுலா விடுதிகளுக்கு இடமிருந்தது. அறுகம்பேயை உயர்தரச் சுற்றுலாத் தலமாக்கும் திட்டம் 2005 ஏப்ரலில் வந்தது, மீனவர் எதிர்த்தனர். எழுத்தாளர் நயோமி கிளைன் 2007இல் வெளியிட்ட நூலில் இதை விரிவாக எழுதியிருக்கிறார். ஆளில்லாத தீவில் இந்தச் சிக்கல் எழாது. நம்மிடமோ கரைவலைக்காரருக்கு வலை வளைக்கும் பாடு இருக்கிறது, தங்கும் வாடி இருக்கிறது, வலை இழுக்க நீண்ட மணல் வேண்டும்.

ஆகவே மாலைதீவின் உயர வரம்பையும் நில வரம்பையும் நாம் அப்படியே எடுத்துக்கொள்ளலாம். தனிமையை எடுக்கக் கூடாது. இனி எந்த விடுதிக்கும் அனுமதி கொடுக்குமுன் நம் பிரதேச சபைகள், கரைவலைப் பாடு என்னாகும், குப்பை எங்கே போகும் என்ற இரண்டுக்கும் எழுத்தில் பதில் வாங்க வேண்டும்.