பூட்டு யாருக்கு? டாங்கிளும் டாலியும்

மென்பொருளுக்கு எந்தப் பூட்டைப் போடலாம் என்று கேட்கிறவர்கள் எல்லாரும் ஒரே கேள்வியோடுதான் வர்றாங்க: "எதை உடைக்க முடியாது?" உடைக்க முடியாதது எதுவும் கிடையாது. பூட்டே பழுதானால் காசு கொடுத்தவர் கதி என்ன என்று நான் திருப்பிக் கேட்பேன்.

கடையநல்லூரில் ஒரு அச்சகம். பழைய கம்ப்யூட்டரின் பின்னால் 25 பின் பாரலல் போர்ட்டில் டாங்கிள், அதன் முதுகில் பிரிண்டர் கேபிள். தமிழ் டிடிபி மென்பொருள் ஒன்றின் பூட்டு அது, பேர் வேண்டாம். டாங்கிள் செத்துப்போச்சு. புதுக் கம்ப்யூட்டரில் அந்தப் போர்ட்டே இல்லை. கோப்புகளோ அந்த மென்பொருளின் தனி என்கோடிங்கில் இருக்கின்றன. வேறு எதில் திறந்தாலும் கிறுக்கல்தான். பூட்டியது மென்பொருளை, மாட்டிக்கொண்டது பாய் பதினைந்து வருஷமாக அடித்த தமிழ். இவர் பில்லோடு வாங்கியவர். கிராக் காப்பி வைத்திருந்த பக்கத்துக் கடைக்காரர் இன்னிக்கும் திறக்கிறார்.

இதோடு டாலியை ஒப்பிட்டுப் பாருங்கள். லைசென்ஸ் இல்லாவிட்டால் அது கதவை அடைப்பதில்லை, எஜுகேஷனல் மோடுக்குப் போகும். அதில் மாதத்தின் 1, 2, 31 தேதிகளில் மட்டும்தான் வவுச்சர் போடலாம். படிக்கிற பிள்ளைக்கு இது போதும். தினமும் பில் போடுகிற கடைக்குப் போதாது. பழைய கணக்கைத் திறந்து பார்க்கவும் முடியும். தேதியையே பூட்டாக்கிய இந்த யோசனை எனக்கு ரொம்பப் பிடிக்கும். அந்தப் பிள்ளைதான் நாளைக்குக் கணக்கராகி, முதலாளியிடம் "டாலி வாங்குங்க" என்கிறது. குறை உண்டு: கம்ப்யூட்டர் மாற்றும்போது லைசென்ஸை சரண்டர் செய்து மறுபடி ஆக்டிவேட் பண்ணுகிற வேலை, சின்னக் கடைக்குத் தலைவலிதான்.

சட்டம் இந்த விஷயத்தில் நாம் நினைக்கிற அளவு முரடு இல்லை. 2012 திருத்தத்தில் வந்த 65ஏ பிரிவு, உரிமையை மீறும் நோக்கத்தோடு பூட்டை உடைப்பவருக்குத்தான் 2 ஆண்டு வரை சிறை என்கிறது. நோக்கம் என்ற அந்தச் சொல் முக்கியம். அமெரிக்காவின் 1998 சட்டத்தில் அப்படி இல்லை. பழுதாகி வழக்கொழிந்த டாங்கிள்களுக்கு 2003-இல் தனியாக விலக்கு கொடுக்க வேண்டியிருந்தது.

ஆக, நான் தேர்ந்தெடுத்தால் டாலி வழிதான்: புதுசா எழுதுவதைத் தடு, எழுதினதைத் திறக்க விடு. ஒரு எக்ஸ்போர்ட் பட்டன் எப்போதும் பூட்டுக்கு வெளியே இருக்கணும், அதுவும் யூனிகோடில்.

பாயின் கோப்புகளை என்கோடிங் மாற்றி ஒன்று எழுதி யூனிகோடுக்குக் கொண்டுவந்துக்கிட்டு இருக்கேன். பாதி முடிஞ்சது. ஒற்றைக்கொம்பும் இரட்டைக்கொம்பும் இன்னும் இடம் மாறி விழுது.