நடுநின்ற தூது: புறநானூறு 45

சங்ககாலத் தூது என்று கேள்வி வந்தால், நம்ம சிங்கப்பூர் வகுப்புகளில் பெரும்பாலும் ஔவையாரைத்தான் எழுதுகிறோம். தொண்டைமானின் படைக்கலங்களைப் புகழ்வதுபோல் பழித்த 95ஆம் பாடல் அது. ஆனால் அவர் அதியமானுக்காகப் பேசியவர், நடுவர் இல்லை.

நடுநின்ற குரல் வேணும்னா 45ஆம் பாடலைப் பாருங்க. உறையூருக்குள் நெடுங்கிள்ளி, வெளியே முற்றுகையிட்டு நலங்கிள்ளி. கோவூர்கிழார் யார் பக்கமும் சாயவில்லை. எதிரே நிற்பவன் பனம்பூச் சூடிய சேரனுமல்லன், வேம்பு சூடிய பாண்டியனுமல்லன்; இருவர் மாலையும் ஆத்தி. யார் தோற்றாலும் தோற்பது உங்கள் குடிதான் என்கிறார்.

இப்படி ஒரு பொது அடிப்படை இல்லையென்றால்? 1245இல் போப் நான்காம் இன்னொசென்ட் மங்கோலியரிடம் தூதரை அனுப்பி, தாக்குதலை நிறுத்தவும் கிறிஸ்துவத்தை ஏற்கவும் சொன்னார். 1246இல் குயுக் கான் அனுப்பிய பதில், போப்பே நேரில் வந்து பணிய வேண்டும் என்பது. இருவரும் ஒப்பும் ஒன்று அங்கே இல்லை.

அதுக்காக, கோவூர்கிழாரின் பாட்டு போரை நிறுத்தியது என்று விடையை முடிச்சிடாதீங்க. பாட்டு அப்படிச் சொல்லவில்லை. 47ஆம் பாட்டின் அடிக்குறிப்பு நெடுங்கிள்ளியைக் காரியாற்றில் இறந்தவன் என்றே அடையாளம் காட்டுகிறது. விளைவை ஊகிக்காமல் வாதத்தை எடைபோடுங்க, மதிப்பெண்ணும் அங்கேதான்.