குணசாலியும் அவள் கைகளின் பலனும்

திருமண ஆராதனைகளிலும், பெண்களுக்கென ஒதுக்கப்படும் ஞாயிறுகளிலும் மிகுதியாக எடுத்தாளப்படும் திருமறைப் பகுதி நீதிமொழிகள் 31:10-31 ஆகும். அடக்கம், பொறுமை, கணவனுக்குப் பணிவிடை என்னும் இல்லறப் பண்புகளுக்கு இலக்கணமாகவே அது பெரும்பாலும் விளக்கப்படுகிறது. பெண்கள் தொழில் செய்து பொருள் ஈட்டுவது நாடெங்கும் பேசப்படும் இந்நாளில், இவ்விளக்கம் மூலபாடத்துக்குப் பொருந்துமா என்பதை ஈண்டு ஆய்ந்து நோக்குவோம்.

எபிரெய நெடுங்கணக்கின் 22 எழுத்துக்களையும் முறையே முதலாகக் கொண்டு அமைந்தது இப்பாடல். இதன் தலைவியைக் குறிக்கும் தொடர் 'ஏஷெத் ஹயில்' என்பது. 'ஹயில்' என்னும் சொல் ஆற்றல், வீரம், செல்வம், படை ஆகிய பொருள்களைத் தரும். நம் சபையார் நெடுங்காலமாய் வாசித்துவரும் பழைய தமிழ் மொழிபெயர்ப்பு, இச்சொல்லைக் கிதியோனிடத்தில் 'பராக்கிரமசாலி' என்றும் (நியா. 6:12), மோசேக்குத் துணையாவோரிடத்தில் 'திறமையுள்ள மனிதர்' என்றும் (யாத். 18:21) பெயர்த்துள்ளது. ரூத்தின் புத்தகத்தில் வேறுபாடு இன்னும் வெளிப்படை: போவாஸ் 'ஆஸ்திக்காரன்' (2:1); ரூத்தோ 'குணசாலி' (3:11). மூலத்தில் இருவர்க்கும் உரிய சொல் ஒன்றே. உபாகமம் 8:18இல் ஐசுவரியம் சம்பாதித்தலைக் குறிக்கும் அதே எபிரெயத் தொடர், நீதிமொழிகள் 31:29இல் பெண்களைப்பற்றி வருங்கால் அங்கும் குணமாகச் சுருங்கிவிடுகிறது.

மொழிபெயர்ப்பாளர்மேல் பழி சுமத்துவது நம் நோக்கமன்று. பாடல் கர்த்தருக்குப் பயப்படுதலைப் பெண்ணின் சிறப்பாகக் கூறுவதால் (31:30), குணம் என்பது பிழையான பொருளன்று; குறைவான பொருள். அக்குறையே நம் அருளுரைகளில் பெருகியது. இப்பெண் வயலை ஆராய்ந்து வாங்குகிறாள். தன் சம்பாத்தியத்தால் திராட்சத்தோட்டம் நாட்டுகிறாள். ஆடை நெய்து வணிகரிடம் விற்கிறாள். தன் வியாபாரத்தின் ஆதாயத்தைக் கணித்தறிகிறாள். இவ்வசனங்களை வாசித்த பின்னரும் நாம் அடக்கத்தையே பிரசங்கிக்கிறோம்.

பாடலையும் நாம் ஆராயாது ஏற்றலாகாது. இரவிலும் அணையாத அவள் விளக்கைப் புகழும் புலவர், அவள் எப்போது இளைப்பாறினாள் என்று சொல்லவில்லை. அவ்வீட்டு வேலைக்காரிகளுக்குப் படி அளக்கப்படுகிறது. அவர்தம் குரலோ கேட்கவில்லை. வீட்டுவேலையும் வெளிவேலையும் ஒருங்கே சுமக்கும் பெண்ணிடம் இப்பாடலை அளவுகோலாக நீட்டினால், அது நற்செய்தியாகாது, சுமையாகும்.

எனினும் இறுதி வசனம் இக்குறைக்கு மருந்தாக நிற்கிறது. அது பெண்ணுக்கு இட்ட கட்டளையன்று. அவளைச் சூழ்ந்த சமுதாயத்துக்கு இட்ட கட்டளை. அவள் கைகளின் பலனை அவளுக்கே கொடுக்க வேண்டும். வாசல்களில் அவள் செய்கைகள் அவளைப் புகழ வேண்டும். வாசல் என்பது மூப்பர் கூடி வழக்குத் தீர்க்கும் இடம். அவள் கணவன் அமர்ந்திருக்கும் இடம் (31:23). பலனும் வாசலும் ஆகிய இவ்விரண்டுமே நம் ஆய்வின் திறவுகோல்.

கைகளின் பலன் பெண்ணுக்கே சேர்ந்தால் விளைவது யாது என்பதற்கு நம் சபை வரலாறே சான்று. நாகர்கோவிலில் 1820களில் லண்டன் மிஷனைச் சேர்ந்த மார்த்தா மால்ட் அம்மையார் பெண்களுக்கு லேஸ் பின்னக் கற்பித்தார். அவ்வருவாயைக் கொண்டு, அடிமை நிலையிலிருந்த பெண்கள் சிலர் தம் விடுதலையை விலைகொடுத்துப் பெற்றனர்.

இன்றைய நிலை என்ன? அரசின் காலமுறைத் தொழிலாளர் கணக்கெடுப்பின்படி, 15 வயதும் அதற்கு மேலுமான இந்தியப் பெண்களுள் உழைப்போரும் வேலை தேடுவோரும் 2017-18இல் 23.3 விழுக்காடு, 2023-24இல் 41.7 விழுக்காடு. இவ்வளர்ச்சி மகிழ்ச்சிக்குரியதே. ஆயினும் 2023-24இல் உழைத்த பெண்களுள் மூன்றில் ஒரு பங்குக்கு மேற்பட்டோர் குடும்பத் தொழிலில் ஊதியமின்றி உதவுவோர். கைகள் உழைத்தன, பலன் அக்கைகளைச் சேரவில்லை. எனவே எத்தனை பெண்கள் உழைக்கின்றனர் என்று எண்ணுவதோடு அமையாது, பலன் யார் கையில் சேர்கிறது, வாசலில் யார் அமர்கின்றனர் என்றும் வினவுதல் வேண்டும்.

இவ்வினாவைத் திருச்சபை முதலில் தன்னிடமே கேட்கக் கடமைப்பட்டுள்ளது. நம் பள்ளிகளிலும் மருத்துவமனைகளிலும் உழைக்கும் பெண்களுக்கு உரிய ஊதியம் கிடைக்கிறதா? சேகரக் குழுவிலும் நிதிக் குழுவிலும் அவர்கள் சொல் எடுபடுகிறதா? இவற்றுக்கு விடையளிக்காமல் குணசாலியைப் பீடத்தில் நின்று புகழ்வோமாயின், அவள் கைகளின் பலனை நாமே பிடித்துவைத்தவர்களாவோம்.